திருவனந்தபுரம் ரெண்டா நின்னுச்சு மக்களே! உலக டெங்கு ஆராய்ச்சி மேப் முடிச்சாச்சு

மக்களே, வணக்கம். ஆளக் காணோமேன்னு மூணு வாரமா கேட்டுட்டே இருந்தீங்க, இந்தா பின்னால செவத்துல ஒட்டிருக்கேன் பாருங்க, இதான் காரணம். டெங்கு பத்தி உலகத்துல யாரு எங்க ஆராய்ச்சி பண்றாங்கன்னு ஒரு மேப். தேசப்படம் மாதிரி இருக்காது கேட்டியளா, வட்டம் வட்டமா இருக்கும், வட்டம் பெருசுன்னா கட்டுரை நெறைய, நடுவுல கோடு இருந்தா சேந்து எழுதிருக்காங்கன்னு அர்த்தம். வாஸ்வியூவர்னு ஒரு சாஃப்ட்வேர், நெதர்லாந்து லைடன் யுனிவர்சிட்டில செஞ்சது, காசே கிடையாது, எனக்கு அவ்ளோ பிடிச்சுப் போச்சு. டேட்டா நான் படிக்கிற இடத்து லைப்ரரில உக்காந்து ஸ்கோப்பஸ்ல (ஆராய்ச்சிக் கட்டுரை விவரமெல்லாம் சேத்து வச்சிருக்குற தளம்) இருந்து எடுத்தேன், தெனம் களியக்காவிளை தாண்டி பஸ்ல போற ஆளுன்னு உங்களுக்குத் தெரியுமே.

இப்ப அந்த கடுப்பச் சொல்லணும். மொத மேப் வந்ததும் நான் தேடுனது நம்ம பக்கத்தத் தான். பாத்தா ஒரே நிறுவனம் ரெண்டு வட்டமா நிக்குது! ஒண்ணுல ஊர் பேரு டிரிவாண்ட்ரம், இன்னொண்ணுல திருவனந்தபுரம். சாஃப்ட்வேருக்கு எழுத்து தான் தெரியும், ஊரு தெரியாதுல்ல. பாண்டிச்சேரி புதுச்சேரியும் அதே கதை, அங்க தான் ஐசிஎம்ஆரோட, அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட, கொசு ஆராய்ச்சி மையம் 1975ல இருந்து இருக்கு, அதுவும் துண்டு துண்டா கெடக்கு. இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க, குறைஞ்சது அஞ்சு கட்டுரை இருந்தா தான் வட்டம்னு கணக்கு வச்சா, மூணு இந்தப் பேர்ல ரெண்டு அந்தப் பேர்லன்னு பிரிஞ்ச இடம் மேப்புலயே வராது. வேல செஞ்சவங்க காணாமப் போயிடுறாங்க, எனக்கு நெஞ்செரிச்சலே வந்துருச்சு.

இத சரி பண்ண தெசாரஸ் ஃபைல்னு ஒண்ணு எழுதணும், இடது பக்கம் இருக்குற பேரு, வலது பக்கம் என்னவா மாத்தணும்ங்கிற பேரு, அவ்ளோதான். நான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து முன்னூறு வரி அடிச்சு ஏத்துறேன், ஏத்துக்கவே இல்ல. மறுநாளும் இல்ல. மூணாவது நாள் தான் புரிஞ்சுது, நடுவுல ஸ்பேஸ் போட்டிருக்கேன், டேப் போடணும்! ஒரே ஒரு டேப்! மாத்துன உடனே திருவனந்தபுரம் ஒண்ணாச் சேந்து பெரிய வட்டமா வந்துச்சு பாருங்க, கை தட்டிட்டேன், அம்மை அடுக்களையில இருந்து என்னாச்சுன்னு ஓடி வந்தாங்க.

ஆங், சொல்ல மறந்துட்டேன், இத ஓட்ட கம்ப்யூட்டர்ல ஜாவா இருக்கணும். அத மொதல்ல போட்டுக்கோங்க.

சரி மேப்புக்கு வருவோம். நாடு வாரியா பாத்தா அமெரிக்கா பெரிய வட்டம், பிரேசிலும் இந்தியாவும் நல்ல பெருசு. கட்டுரைகள்ல வர்ற சொற்கள வச்சுப் போட்டா மூணு கூட்டமா பிரியுது, வைரஸ் ஆளுங்க, கொசு ஆளுங்க, நோயாளியப் பாக்குறவங்க. டெங்குவ ஒட்டியே ஜிகா வைரஸ் நிக்குது, ரெண்டையும் பரப்புறது ஏடிஸ் கொசு தான், 2015-16ல பிரேசில்ல ஜிகா அடிச்ச அடியில கட்டுரைகள் குவிஞ்சிருச்சு. வருஷத்த வச்சுக் கலர் போட்டா புதுசு எல்லாம் மஞ்சள்ல வரும், அதுல உல்பாக்கியா இருக்கு, கொசுவுக்குள்ள ஒரு பாக்டீரியாவ ஏத்தி விடுறது, இந்தோனேசியா யோக்யகர்த்தாவுல செஞ்ச பெரிய சோதனையில டெங்கு 77 சதவீதம் குறைஞ்சதுன்னு 2021ல வந்துச்சு. வருஷத்துக்கு 39 கோடிப் பேருக்குத் தொற்று, அதுல 9.6 கோடிப் பேருக்கு தான் நோயா வெளிய தெரியுதுன்னு எல்லாரும் சொல்ற கணக்கு 2013ல நேச்சர் பத்திரிகைல வந்த கட்டுரை. நம்ம நாட்டு ரத்தப் பரிசோதனை ஆய்வு 2019ல வந்துச்சு, 5 வயசுலேந்து 45 வரைக்கும் பாத்ததுல பாதிப் பேருக்கு ஏற்கெனவே டெங்கு வந்துட்டுப் போயிருக்கு, தென்னிந்தியாவுல மட்டும் 76.9 சதவீதம். நாலுல மூணு பேரு மக்களே! எங்க அப்பா போன ஆடியில டெங்குவுல படுத்தத வீடியோவுல பாத்தீங்கல்ல.

பழசுல எனக்குப் பிடிச்சது வேலூர். 1967லயே ஒரே நோயாளி ஒடம்புல சிக்குன்குனியாவும் டெங்குவும் சேந்து இருந்தத அங்க கண்டுபிடிச்சு சயின்ஸ் பத்திரிகைல போட்டிருக்காங்க. நம்ம குமரி மாவட்ட கிராமங்கள்ல டெங்கு வந்தத மதுரை ஆளுங்க ஆராய்ஞ்சு எழுதுனது 2006ல வந்துச்சு. அது சின்னப் புள்ளி தான், நான் செவப்பு பேனாவுல சுத்தி வச்சிருக்கேன். ஏன்னா நம்ம வீட்டுக்குப் பின்னால இருக்குற ரப்பர் தோட்டத்த வாங்க காட்டுறேன், மழைக்கு ரப்பர் பால் வெட்டு நிறுத்தியாச்சு, பால் புடிக்கிற சிரட்டை கம்பியில அப்படியே நிமுந்து நிக்குது, உள்ள ரெண்டு விரல் தண்ணி, கிட்டக்க வந்து பாருங்க, நெளியுதா? கொசுப் புழு, நூல் மாதிரி, தலகீழாத் தொங்கும். வெள்ளக் கோடு போட்ட ஏடிஸ் இதுல தான் வளருது. தண்ணி வத்துனாலும் முட்டை சிரட்டையில ஒட்டி மாசக்கணக்குல உயிரோட இருக்கும், அதனால கொட்டுனா மட்டும் போதாது, கவுத்தி வைக்கணும்.

பிரிண்ட் விலை கேப்பீங்க, மார்த்தாண்டத்துல 120 சொன்னாரு, 80க்கு முடிச்சேன், நல்ல தடிச்ச பேப்பர். வேர்ட் கிளவுட், அதான் சொற்கள பெருசு சின்னதா குவிச்சுப் போடுற படம், அதப் போடுன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க, எனக்கு ஆகவே ஆகாது.

தெசாரஸ் ஃபைல கீழ போட்டிருக்கேன், கொச்சின் கொச்சி, காலிகட் கோழிக்கோடு, குயிலான் கொல்லம், பால்காட் பாலக்காடு எல்லாம் சேத்தாச்சு. உங்க ஊருக்குப் பழைய பேரு ஏதாவது விட்டுப் போயிருந்தா சொல்லுங்க. அய்யோ, நம்ம கன்னியாகுமரியோட பழைய பேரு கேப் காமரின் சேக்கல!