பெரியவர்களுக்கு அறிவியல் மையத்தில் என்ன வேலை?

[காட்சி: புதுக்கோட்டை சாலை, பேருந்து ஜன்னல் வழியே]

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்குப் போகிறவர்கள், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கோளரங்கத்தைப் பார்த்திருப்பீர்கள். 1999-இல் திறந்த அண்ணா அறிவியல் மையம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி நமக்கு அங்கே என்ன என்று தாண்டிப் போய்விடுகிறோம். என்னைக் கேட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைகளைவிட நமக்குத்தான் இந்த மாதிரி இடங்களில் வேலை அதிகம். பிள்ளைகளுக்கு எல்லாமே புதுசு. நாமோ பல விஷயங்களை வருஷக்கணக்காகப் பார்த்தும் ஏன் என்று கேட்காமலே விட்டவர்கள்.

[காட்சி: மேசையில் ஒரு மரப்பலகை, ஓர் அலுமினியத் தகடு]

தொட்டுப் பார்க்கும் அறிவியல் மையங்களில் பழகிப்போன சோதனை இது. இரண்டிலும் கை வையுங்கள். மரம் சும்மா இருக்கும், அலுமினியம் சில்லென்று இருக்கும். இப்போது இரண்டின் மேலும் ஓர் ஐஸ் கட்டி. எது முதலில் உருகும்?

மரத்தின் மேல் இருப்பதுதான் என்று நம்மில் பலர் அடித்துச் சொல்வோம். சில்லென்று இருக்கிற தகட்டில் ஐஸ் எப்படி உருகும்? ஆனால் அலுமினியத்தில் வைத்தது கண்ணெதிரே வழுக்கிக்கொண்டு தண்ணீராகும். மரத்தில் வைத்தது அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஒரே அறையில் கிடப்பதால் இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. அலுமினியம் வெப்பத்தை வேகமாகக் கடத்தும், அவ்வளவுதான். சூடான கையிலிருந்து விறுவிறுவென்று இழுத்துக்கொள்கிறது, குளிர்ந்த ஐஸுக்கு விறுவிறுவென்று கொடுக்கிறது. நம் தோல் உணர்வது பொருளின் வெப்பநிலையை அல்ல, தோலை விட்டு வெப்பம் போகிற வேகத்தை.

[காட்சி: கானாடுகாத்தான் வீடு, முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம்]

சரி, இப்போது ஊருக்கு வருவோம். செட்டிநாட்டு வீட்டில் நிழலில் நிற்கிற பர்மா தேக்குத் தூணைத் தொடுங்கள், அப்புறம் வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல்லில் நில்லுங்கள். கால் மட்டும் குளிரும். மணலும் சிமெண்டும் சேர்ந்த கல், தேக்கைவிட வேகமாக வெப்பத்தை வாங்குகிறது. அடியில் இருக்கிற மண்ணும் கூடவே வாங்கிக்கொள்கிறது. “தரையில படுத்தா மேலு குளுந்து போகுது” என்று ஆச்சிமார் சொல்வதற்குப் பின்னால் இருக்கிற கணக்கு இதுதான். வெயிலில் கிடந்த எவர்சில்வர் செம்பு சுரீரென்று சுடுவதும் இதே கணக்கு, திசை மட்டும் மாறுகிறது.

இன்னொரு சோதனை, கை பேட்டரி. ஒரு கை செம்புத் தகட்டில், மறு கை அலுமினியத் தகட்டில். நடுவே உள்ள மீட்டரில் முள் நகரும். இரண்டு வெவ்வேறு உலோகம், நடுவே உப்புள்ள வியர்வை. மின்கலத்துக்கு வேறென்ன வேண்டும்? கையை நனைத்துவிட்டு வைத்தால் முள் இன்னும் தள்ளிப் போகும்.

தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் இந்த வகைக் கூடங்களுக்கு உலகம் முழுக்க முன்மாதிரி, சான் பிரான்சிஸ்கோவில் 1969-இல் திறந்த எக்ஸ்ப்ளோரடோரியம். தொடங்கியவர் பிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்து ஓப்பன்ஹைமரின் தம்பியேதான். அரசியல் காரணங்களால் பல்கலைக்கழக வேலை போய், மாடு வளர்த்து, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, அப்புறம் இங்கே வந்தவர்.

போகும்போது ஒன்று: பிள்ளைகளோடு போனால் நாம் பை தூக்குகிற ஆளாகிவிடுவோம். ஒரு தடவையாவது தனியாகவோ கூட்டாளிகளோடோ போங்கள். அறிவிப்புப் பலகையை முதலில் படிக்காதீர்கள். என்ன நடக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கை வையுங்கள். படிப்பது அதற்கப்புறம்.

[காட்சி: காரைக்குடி, சிக்ரி வாசல்]

திருச்சி வரை போக முடியாதா? கை பேட்டரியின் பெரியண்ணன் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் (வேதிவினையும் மின்சாரமும் சேர்ந்த துறை) ஆராய்ச்சி நிலையம், நம் வாயில் சிக்ரி. செப்டம்பர் 26, சிக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். (மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு) தொடங்கிய நாள். அதையொட்டிப் பொதுமக்களை உள்ளே விடுவது வழக்கம். தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கடற்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க, ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மண்டபம் ஊரில் இவர்களுக்கு ஒரு சோதனை நிலையமே உண்டு. வீட்டு கேட் துருப்பிடித்துப் போனவர்கள் அந்தக் கேள்வியோடு போகலாம்.