ஜேம்ஸ்டவுன் பட்டினிக்குப் பொறுப்பு கம்பெனிதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆங்கிலேயர் அமைத்த ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தில் பலர் பட்டினியில் மடிந்ததற்குக் காரணம் குடியேறியவர்களின் சோம்பலா, பங்கு விற்றுப் பணம் திரட்டி அவர்களை அங்கே அனுப்பிய லண்டன் கம்பெனியின் பேராசையா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார், 'உழைக்காதவனுக்குச் சோறு இல்லை' என்று குடியேற்றத்தின் தலைவராக இருந்த கேப்டன் ஜான் ஸ்மித் போட்ட உத்தரவைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். நானும்தான் தட்டினேன். ஆனால் அதே ஸ்மித் 1608இல் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தை ஏனம்மா விட்டுவிட்டீர்கள்? இங்கே இருப்பவர்களைப் போல ஆயிரம் பேரை அனுப்புவதற்குப் பதில் தச்சர், உழவர், மீனவர், கொல்லர், கொத்தனார், மரவேர் பறிப்பவர் என்று முப்பது பேரை அனுப்பினால் போதும் என்று கேட்டவரும் அவர்தானே?

கம்பெனி யாரை அனுப்பியது என்று பாருங்கள். 1607 மே மாதம் இறங்கிய நூற்றுச் சொச்சம் பேரில் பாதிக்கு நெருக்கமானவர்கள் உடலுழைப்புப் பழக்கமில்லாத கனவான்கள். எட்டு மாதத்தில் மிஞ்சியது 38 உயிர். அப்புறம் 1608 ஜனவரியில் கப்பல் வருகிறது. அதில் பொற்கொல்லர் உண்டு, நகை செய்பவர் உண்டு, உலோகம் பிரித்தெடுப்பவர் உண்டு, வாசனைத் தைலம் செய்பவர்கூட உண்டு! சாகக் கிடக்கிறவனுக்கு அத்தர் அனுப்பிய ஒரே நிர்வாகம் இதுவாகத்தான் இருக்கும். அந்தக் கப்பலில் என்ன திரும்பிப் போனது? மண். பளபளத்த மண்ணைத் தங்கம் என்று நம்பி ஏற்றி அனுப்பினார்கள். ஒன்றுக்கும் உதவவில்லை.

தாழ்ந்த, ஈரமான இடத்தில் குடியேறாதே என்று கம்பெனி எழுதியே கொடுத்ததே என்று எதிரணி கேட்டது. உண்மை, கொடுத்தது. ஸ்பானியர் கண்ணில் படாமல் ஆற்றின் உள்ளே போ, பெரிய கப்பல் வந்து நிற்க ஆழம் இருக்க வேண்டும் என்பதும் அதே தாளில்தான் இருந்தது. ஆழம் கிடைத்தது, கப்பலைக் கரை மரத்திலேயே கட்ட முடிந்தது. குடிக்கத்தான் உப்புத் தண்ணீர். அதே தாளில் இன்னொன்றும் உண்டு: மற்றவர்கள் வரத் தயங்கும்படி யாரும் ஊருக்குக் கடிதம் எழுதக் கூடாது! பங்கு விற்க வேண்டும் அல்லவா?

சரி, சோளம் ஏன் கிடைக்கவில்லை? 1606 முதல் 1612 வரை அந்தப் பகுதியில் கடும் வறட்சி என்று மர வளையங்கள் காட்டுகின்றன. மண்ணுக்குச் சொந்தக்காரர்களான பௌஹாட்டன் மக்களுக்கே விளைச்சல் குறைவு. அவர்களிடம் போய்ச் சோளம் கொடு என்று துப்பாக்கியோடு நின்றால் எத்தனை நாள் கொடுப்பார்கள்? இரண்டு அணியுமே அவர்கள் பசியைப் பேசவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

இந்த நிலையில் 1609இல் கம்பெனி ஒன்பது கப்பல்களில் சுமார் 500 பேரை அனுப்புகிறது. தலைவர்கள் இருந்த கப்பல் பெர்முடா தீவில் மோதி நின்றுவிட்டது. மற்றவர்கள் நோயோடு வந்து சேர்ந்தது ஆகஸ்டில், விதைப்பெல்லாம் முடிந்த பிறகு. அந்தக் குளிர்காலத்தில் குதிரை, நாய், எலி, செருப்புத்தோல் வரை தின்றார்கள். கோட்டைக் குப்பைக்குழியில் கிடைத்த 14 வயதுப் பெண்ணின் எலும்பில் வெட்டுத்தடம் இருப்பதாக 2013இல் அறிவித்தார்கள். மனித மாமிசம் தின்றதன் தடம் அது. வசந்தத்தில் உயிரோடு இருந்தவர்கள் 60 பேர் அளவுதான். இதையும் சோம்பல் கணக்கில் எழுதுவீர்களா?

1611இல் ஆளுநர் டேல் வந்தபோது இவர்கள் தெருவில் பந்து உருட்டி விளையாடினார்களாம். விளையாடியிருப்பார்கள். விளைவது எல்லாம் பொதுக் களஞ்சியத்துக்கு, லாபம் லண்டனுக்கு என்றால் யாருக்குக் கை ஓடும்? அதே டேல் சில ஆண்டுகள் கழித்து ஆளுக்கு மூன்று ஏக்கர் கொடுத்தார். முன்பு ஒரு வாரத்தில் செய்யாததை இப்போது ஒரே நாளில் செய்கிறார்கள் என்று அங்கேயே இருந்த ரால்ஃப் ஹேமர் எழுதிவைத்தார். ஆள் மாறவில்லை ஐயா, ஏற்பாடு மாறியது.

நடுவர் அவர்களே, 1607 முதல் 1624 வரை அங்கே போனவர்கள் ஏழாயிரத்துக்கு மேல். 1625 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் சுமார் 1,200. மன்னர் ஜேம்ஸ் விசாரணை நடத்தினார். 1624இல் நீதிமன்றம் ரத்து செய்தது கம்பெனியின் சாசனத்தைத்தான். நீங்களும் அதே பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.