மதிலழகா, தேரழகா?

நடுவர் ஐயா அவர்களே, மன்னார்குடிப் பெருமக்களே, வணக்கம்.

டாங்கியின் உயிர் பீரங்கியிலா, கவசத்திலா, ஓட்டத்திலா? இதுதான் தலைப்பு. நான் ஓட்டத்தின் பக்கம். பீரங்கி அணித் தலைவர் 120 மி.மீ. குழலைப் பற்றி முழங்கினார். கவச அணிச் சகோதரியோ, "மன்னார்குடி மதிலழகு, இந்த ஊரில் கவசம்தான் வெல்லும்" என்று கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். தாயே, அதே பழமொழியில் திருவாரூர் தேரழகும் இருக்கிறதே, அதை ஏன் விழுங்கினீர்கள்? அசையாமல் நின்றால் ஆழித்தேருக்கும் மண்டபத்துக்கும் என்ன வேறுபாடு?

1965 செப்டம்பர். பஞ்சாபில் அசல் உத்தர். பாகிஸ்தான் கொண்டுவந்தவை அமெரிக்கப் பேட்டன் டாங்கிகள். கவசம் இல்லையா? இருந்தது. 90 மி.மீ. பீரங்கி இல்லையா? அதுவும் இருந்தது. நம்மவர்கள் கால்வாயை உடைத்துக் கரும்பு வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். சேறு என்ன செய்யும் என்று டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புதைந்தும் திணறியும் நின்ற பேட்டன்களை, கரும்புக்குள் பதுங்கியிருந்த நம் செஞ்சூரியன், ஷெர்மன் டாங்கிகள் அடித்தன. 90-க்கும் மேற்பட்ட டாங்கிகள் போயின. "சுட்டது பீரங்கிதானே" என்று எதிரணி துள்ளுகிறது, துள்ளட்டும். வாகாக நிறுத்திக் கொடுத்தது சேறு, ஐயா!

அதே போரில் நம் படைவீரர் அப்துல் ஹமீது எதிரி டாங்கிகளை வீழ்த்தியது எதிலிருந்து? ஜீப்பில் ஏற்றிய ஒரு பீரங்கியிலிருந்து. ஜீப்புக்கு ஏது கவசம்? இடம் மாறி, இடம் மாறிச் சுட்டார். உயிர் துறந்த அந்த வீரருக்குப் பரம வீர சக்கரம் கிடைத்தது.

நம் ஆவடியில் பிறந்த அர்ஜுன் டாங்கிக்கு வருகிறேன். முதல் வகை 58.5 டன், 1400 குதிரைத்திறன் எஞ்சின். டன்னுக்கு ஏறத்தாழ 24 குதிரைத்திறன். அடுத்த வகையில் கவசமும் கருவிகளும் கூட்டினார்கள், எடை 68 டன்னை எட்டியது. எஞ்சினோ அதே 1400. டன்னுக்கு 20-ஐச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். இந்தக் கணக்கைச் சகோதரி மேடையில் சொல்லவே இல்லை. எடை ஏற ஏற, தாங்கும் பாலங்களும் குறையும். 2020 லடாக் மோதலுக்குப் பிறகு மலைக்கென்று உருவான ஜோராவர் என்ற இலகு டாங்கி 25 டன்தான் என்பதையும் அவர் மறந்துவிட்டார்.

ட்ரோனைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். டாங்கியின் மேல்கூரைக் கவசம் மெல்லியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூரையையும் முன்பக்கம் போலத் தடிப்பாக்கினால் வண்டி நகருமா? உக்ரைனில் எத்தனையோ டாங்கிகளுக்குக் கண்ணிவெடியில் சங்கிலிப் பட்டைதான் முதலில் அறுந்தது. நின்றுபோன பிறகு ட்ரோன் வந்து கதையை முடித்தது.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் ஐயா, ஒரே கேள்வி. பட்டை அறுந்து, தலைக்கு மேல் ட்ரோன் இரைகிறது. உள்ளே இருக்கும் நான்கு பேரும் கவசத்தை நம்பி உட்கார்ந்திருப்பார்களா, மூடியைத் திறந்து குதித்து ஓடுவார்களா? சகோதரி பதில் சொல்லட்டும்.