கிரீன்ஸ்பர்க்கைக் காப்பாற்றியது பேஸ்மென்ட்தான்

வணக்கம் மக்களே. பின்னால் தெரிகிறதே அந்த உயரமான கான்கிரீட் கட்டடம், அது தானியக் கிடங்கு. 2007 மே 4 இரவுக்குப் பிறகு இந்த ஊரில் நிமிர்ந்து நின்ற ஒன்றிரண்டில் அதுவும் ஒன்று.

ஊர் பெயர் கிரீன்ஸ்பர்க், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலம். சுற்றிலும் கோதுமை வயல், அப்புறம் மாடுகள். அன்று இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்த டொர்னாடோவின், அதாவது சுழல்காற்றின், அகலம் மட்டும் 2.7 கிலோமீட்டர், ஊரைவிடப் பெரியது, அதனால் எங்கள் தெரு தப்பித்தது, பக்கத்துத் தெரு போனது என்ற கதையே இங்கே கிடையாது. ஊரில் 95 சதவீதம் போயிற்று. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் டொர்னாடோவின் பலத்தைச் சொல்லும் புதிய இஎஃப் அளவுகோல் வந்தது, அதில் உச்சமான இஎஃப்-5 வாங்கிய முதல் டொர்னாடோ இதுதான்.

சரி, 1,400 பேர் இருந்த ஊரில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள்? பத்துப் பேருக்குச் சற்று மேல். டாட்ஜ் சிட்டி வானிலை அலுவலகம் முன்கூட்டியே எச்சரித்தது, ஊரில் சைரன் அடித்தது, சுமார் இருபது நிமிடம் கிடைத்தது. ஆனால் ஓடி ஒளிய இடம் இல்லாவிட்டால் இருபது நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இங்கே நிறைய வீடுகளில் பேஸ்மென்ட், அதாவது வீட்டுக்குக் கீழே நிலத்தடி அறை, இருந்தது. இறங்கி உட்கார்ந்தார்கள், மேலே வீடு பறந்தது, அவர்கள் பிழைத்தார்கள்.

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 1989 ஏப்ரல் 26, வங்கதேசத்தில் மாணிக்கஞ்ச் மாவட்டம், சாட்டுரியா பக்கம். அதுவும் விவசாயப் பகுதிதான், அங்கேயும் டொர்னாடோதான். இறந்தவர்கள் சுமார் 1,300 பேர்! தகரக் கூரை, மண் சுவர், சைரன் கிடையாது, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வருகிற ஆற்றுச் சமவெளி, அங்கே யார் பேஸ்மென்ட் கட்டுவது? பறக்கிற தகரமே கத்தி மாதிரி வெட்டும்.

கிரீன்ஸ்பர்க் பற்றி நெட்டில் தேடினால் காற்றாலை, பசுமைக் கட்டடம், மறுபிறவி எடுத்த ஊர் என்றுதான் வரும். பொய்யில்லை, நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். ஆனால் 2010 கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர்கள் 800 பேர்கூட இல்லை, அதாவது பிழைத்தவர்களில் நிறையப் பேர் திரும்பி வரவே இல்லை, வேலையும் பள்ளியும் எங்கே இருந்ததோ அங்கேயே தங்கிவிட்டார்கள். அதை யாரும் தலைப்பில் போடுவதில்லை.

இங்கே கையால் தோண்டிய பெரிய கிணறு ஒன்று உண்டு, 109 அடி ஆழம், அதைச் சுற்றித்தான் அருங்காட்சியகம். அடைப்பதற்குள் உள்ளே போகிறேன், வாருங்கள்.