தங்கக் கட்டியும் ஒரு பள்ளிக்கூடச் சிறுமியும்

வணக்கம் நேயர்களே. கொள்ளைப் படம் என்றால் கடைசியில் என்ன நடக்கும்? பங்கு பிரிப்பதில் சண்டை வரும், கூட்டாளியே காட்டிக்கொடுப்பான். பார்த்துப் பார்த்து நமக்கு அலுத்துப்போன விஷயம். 1951-இல் லண்டனில் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த ‘தி லாவெண்டர் ஹில் மாப்’ படத்தில் அந்தப் பேச்சே கிடையாது. நான்கு திருடர்கள், நான்கு பேரும் ஒருவரை ஒருவர் நம்புகிறார்கள். திருடிய தங்கத்தை விற்க இருவர் பாரிஸ் போக வேண்டும். மற்ற இருவரில் ஒருவரை மனைவி அனுப்பமாட்டாள். இன்னொருவருக்கு டெஸ்ட் மேட்ச் பார்க்க வேண்டும். ‘நீங்களே போய்விட்டு வாருங்கள்’ என்று விட்டுவிடுகிறார்கள்!

இந்தக் கதையை எழுதியவர் டி. இ. பி. கிளார்க். இவரைப் பற்றிச் சொல்வார்கள். எழுதும்போது ஒரு சந்தேகம் வந்ததாம்: இவ்வளவு தங்கத்தை எப்படித்தான் திருடுவது? யாரைக் கேட்பது? நேராக பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்கே போய்விட்டார். ‘ஐயா, உங்கள் தங்கத்தைத் திருட வழி சொல்லுங்கள்’ என்று கேட்டாராம். வேறு எங்காவது என்றால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார்கள். அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? ஆலோசனை சொல்ல ஒரு குழுவே போட்டார்களாம். அந்தக் குழு கூடிய அறையில் ஓரமாக உட்கார எனக்கு ஒரு நாற்காலி கிடைத்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ முறை நினைத்ததுண்டு!

சரி, படத்துக்கு வருகிறேன். அலெக் கின்னஸ் நடித்த ஹாலண்ட் ஒரு வங்கி குமாஸ்தா. வருஷக்கணக்காகத் தங்கக் கட்டி ஏற்றிவரும் வண்டிக்குத் துணைக்குப் போகிறவர். பின்னால் ஏதாவது கார் வந்தாலே சந்தேகப்பட்டுத் தொந்தரவு செய்வார். மேலதிகாரிகளுக்கு அவரைப் பற்றி ஒரே அபிப்பிராயம்: நாணயமானவன், கற்பனை கிடையாது. அந்த அபிப்பிராயம்தான் அவருடைய முதலீடே. திரும்பவும் சொல்கிறேன், பூட்டை உடைக்கும் கருவியை நம்பி அவர் இறங்கவில்லை. தன்னைப் பற்றி மற்றவர்கள் நினைப்பதை நம்பி இறங்கினார். நம் அலுவலகங்களிலும் அப்படி ஒருவர் இருப்பார், நாளைக்குப் போனதும் அவரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

ஹாலண்ட் இருக்கும் விடுதியிலேயே தங்கியிருக்கும் பெண்டில்பரி நினைவுப் பொருள் செய்கிறவர். அவர் உலையில் தங்கத்தை உருக்கி ஈஃபிள் கோபுர பொம்மையாக வார்த்து, சுங்கத்தார் கண்ணெதிரிலேயே பிரான்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எல்லாம் சுபம். ஆனால் கோபுரத்து உச்சிக் கடையில் திறக்கக் கூடாத பெட்டியைத் திறந்து, இங்கிலாந்திலிருந்து சுற்றுலா வந்த பள்ளிச் சிறுமிகளுக்கு ஆறு பொம்மைகளை விற்றுவிட்டார்கள். சிறுமிகள் லிஃப்டில் இறங்குகிறார்கள். ஹாலண்டும் பெண்டில்பரியும் சுழல்படியில் ஓடுகிறார்கள், ஓடுகிறார்கள், தலை சுற்றிச் சிரித்தபடியே கீழே வந்து சேரும்போது வண்டி கிளம்பிவிடுகிறது.

இங்கிலாந்து வரை துரத்தி ஐந்தை மீட்டாகிவிட்டது. ஆறாவது சிறுமி மட்டும் மாட்டேன் என்கிறாள். மாற்றுப் பொம்மை வேண்டாம், பணமும் வேண்டாம். அவளுக்குத் தெரிந்த ஒரு போலீஸ்காரருக்குப் பரிசாகக் கொடுக்கப்போகிறாளாம்! அவ்வளவு பெரிய வங்கியை ஏமாற்றியவர்கள் இந்தக் குழந்தையிடம் கெஞ்சி நிற்கிறார்கள்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். ஹெண்டன் போலீஸ் கல்லூரிக் கண்காட்சி, அங்கிருந்து தொடங்கும் கார் துரத்தல் எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். முதல் காட்சியில் ஒரு நிமிடம் வந்துபோகும் பெண் பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஆட்ரி ஹெப்பர்ன், தவறவிடாதீர்கள். இந்தக் கதைக்கு கிளார்க்குக்கு ஆஸ்கார் கிடைத்தது. முடிவை நான் சொல்லமாட்டேன். வணக்கம்.