உள்ளூர் மாடு விலை போக வேண்டும்

(மதுரையில் இருசக்கர வாகன டீலர்களும் மெக்கானிக்குகளும் கூடிய ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போன சில வரிகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்து சிறப்பித்திருக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் ஐயா அவர்களே, நம்மில் பாதிப் பேரின் கடன் கணக்கைப் பொறுமையாகப் பார்த்துத் தரும் வங்கி மேலாளர் அம்மா அவர்களே, உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி, டி.கல்லுப்பட்டியிலிருந்து கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் சப்-டீலர் தம்பிகளே, தெற்கு வெளி வீதி ஸ்பேர் பார்ட்ஸ் கடை முதலாளிமார்களே, லேத் பட்டறை அண்ணன்மார்களே, பந்தலுக்கு வெளியே நின்று கேட்கும் மெக்கானிக் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் அண்ணனுக்கு ஒரு தனி நன்றி சொல்ல வேண்டும். 1986இல் திருமங்கலத்தில் நான் கடை திறந்த அன்று முதல் சாவியை வாங்கிக்கொண்டவர் அவர். 2021இல் அதே கடையின் ஷட்டரை நான் கடைசியாக இறக்கிய அன்றும் வந்து பக்கத்தில் நின்றார். ஆய்வாளர் ஐயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவுக்குப் போகிற எங்கள் பையன்களை உட்கார வைத்துப் பேசுகிறவர். அந்த மரியாதை எங்களுக்குப் பெரிது.

உள்ளூர் மோட்டார் சைக்கிள் டீலர்கள் ஏன் அருகிப் போகிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். நான்கு காரணங்கள் குறித்து வைத்திருக்கிறேன். கம்பெனி, அரசு விதிகள், வங்கி வட்டி, வாங்குகிறவர் மனசு. நான்குக்கும் நடுவில் என் ஆத்தா அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று ஓடுகிறது. உள்ளூர் மாடு விலை போகாது.

முதலில் கம்பெனி. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, சொல்லாமலே இங்கே பலருக்குத் தெரியும். மாசம் 28, 29 தேதி ஆனால் போதும், கேட்காத வண்டிகளை ஏற்றிக்கொண்டு லாரி வந்து கடை வாசலில் நிற்கும். கேட்டது நாற்பது கறுப்பு வண்டி, வந்தது அறுபது, அதில் பாதி யாரும் தொடாத நிறம். இறக்கிய நிமிஷத்திலிருந்து வட்டி ஓடும். கம்பெனிக்கு அது விற்பனைக் கணக்கு, எனக்கு அது கோடவுனில் தூசி. அப்புறம் ஒருநாள் ஷோரூமை மாற்றச் சொன்னார்கள். தரையில் இந்த டைல்ஸ்தான், சோபா இந்த ஆளிடம்தான் வாங்க வேண்டும், போர்டு சென்னையிலிருந்துதான் வரும். நல்லா இருந்த தரையை உடைத்தேன். உடைத்த சிமென்டு காய்வதற்குள் பன்னிரண்டு கிலோமீட்டரில் இன்னொருவருக்கு அதே டீலர்ஷிப்பைக் கொடுத்தார்கள். ஒப்பந்தத்தில் எனக்கென்று ஓர் எல்லை எழுதியிருக்கவில்லை. அமெரிக்காவில் கார் டீலரைக் கம்பெனி நியாயமில்லாமல் நீக்கினால் கோர்ட்டுக்குப் போக 1956இலேயே தனிச் சட்டம் போட்டார்கள். இங்கே நம் அகில இந்தியக் கூட்டமைப்பான ஃபாடா பல வருடமாக அதைத்தான் கேட்கிறது. 2020 செப்டம்பரில் ஹார்லி-டேவிட்சன் இந்தியாவில் தன் உற்பத்தியை நிறுத்துவதாகச் சொன்னது, அடுத்த வருடம் ஃபோர்டு சொன்னது. அவர்களை நம்பி முதல் போட்ட டீலர்களின் கதி என்ன ஆனது என்று பேப்பரில் நாம் எல்லோரும் படித்தோம்.

இரண்டாவது, விதிகள். காற்று சுத்தமாக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது, எனக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் 2017 மார்ச் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வருகிறது, ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-3, அதாவது பாரத் ஸ்டேஜ்-3 என்ற பழைய புகை அளவு விதிப்படி செய்த வண்டி விற்கக் கூடாது, பதியவும் கூடாது என்று. கையில் இரண்டே நாள். தள்ளுபடிக்குத் தள்ளுபடி கொடுத்து விற்றோம், ராத்திரி பதினொரு மணிக்கும் வாசலில் வரிசை. அடுத்து 2020 ஏப்ரல் 1இல் பி.எஸ்-4க்குப் பதிலாக இன்னும் கடுமையான பி.எஸ்-6. அதற்கு ஒரு வாரம் முன்பு ஊரடங்கு. ஷட்டருக்கு உள்ளே பி.எஸ்-4 வண்டிகள், வெளியே போலீஸ். நடுவில் 2018 செப்டம்பரிலிருந்து புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாகக் கட்ட வேண்டும் என்று வந்ததில் விலை ஆயிரக்கணக்கில் ஏறியது. 2018-19இல் நாடு முழுக்க 2 கோடியே 11 லட்சம் இருசக்கர வண்டி விற்றது. 2021-22இல் அது 1 கோடியே 35 லட்சம் அளவுக்கு இறங்கியது. பெரிய டீலர் தாங்கினார், எங்களைப் போன்றவர்களால் முடியவில்லை. 2025 செப்டம்பரில் 350 சிசி வரைக்கும் ஜி.எஸ்.டி.யை 28லிருந்து 18 ஆகக் குறைத்தார்கள், நல்ல காரியம். என் கடை திறந்திருந்த காலத்தில் குறைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

வங்கி வட்டிக்கு வருவதற்கு முன்னால் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். டீலர் என்றால் யார் என்று இன்றைய பிள்ளைகளுக்குப் புரிய அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

1988 மாசி மாசம். பேரையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். பருத்தி போட்ட காசு, மஞ்சப்பையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அஞ்சும் பத்துமாக இருந்த நோட்டை எண்ணி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. சிவப்பு வண்டியைத் தொட்டுக் காட்டி, "இதுதான் முதலாளி, வீட்டுல சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். வண்டியை எடுத்ததும் நேரே பாண்டி கோவிலுக்குப் போகணும் என்றார். நம்மூரில் புது வண்டி அங்கே போகாமல் வீட்டுக்குப் போகுமா? என் கடை மெக்கானிக் பையன், அப்போது பத்தொன்பது வயசு, அவரைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனான். மாலை போட்டு, சந்தனம் வைத்து, முன் சக்கரத்துக்கு ஒன்று பின் சக்கரத்துக்கு ஒன்று எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசாரி, "வண்டிக்காரரே ஏறி நசுக்குங்க" என்றார். இவர் நகரவே இல்லை. பையன், "ஏறுங்கண்ணே" என்கிறான். அவர் அவன் காதோரம் வந்து சொல்கிறார், "தம்பி, எனக்கு மாட்டு வண்டிதான் ஓட்டத் தெரியும்."

சரி, பழத்தைப் பையனே நசுக்கினான். அவரை ஏற்றிக்கொண்டு திருமங்கலம் வந்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அங்கிருந்து பேரையூர் தாண்டி ஊருக்கே கொண்டுபோய் விட்டான். ஊர் எல்லையில் பெண்கள் குலவை போட்டு ஆரத்தி எடுத்தார்கள். ஆரத்தித் தண்ணீரைப் பையன் காலிலும் ஊற்றிவிட்டார்கள், வண்டியோடு வந்த மாப்பிள்ளை மாதிரி. ஊர்ப் பிள்ளைகளை ஆளுக்கொரு ரவுண்டு ஏற்றிச் சுற்றியதில் பெட்ரோல் தீர்ந்தது. அன்றைக்கு அவனால் திரும்ப முடியவில்லை. மறுநாள் காலையில் தண்ணீர் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் வண்டியை இறக்கி, அவருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தான். ஊரே கரையில் உட்கார்ந்து பார்த்தது. அவருக்குக் கிளட்ச் பிடிபட்டது, கியர் பிடிபட்டது, பிரேக் மட்டும் பிடிபடவில்லை. நிறுத்தச் சொன்னால் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் மூக்கணாங்கயிறு மாதிரிப் பின்னால் இழுத்து, "ஹோ... ஹோ..." என்று வண்டியை அதட்டுகிறார்! வண்டி கேட்குமா? நேரே சீமைக்கருவேலம் புதருக்குள் போனது. அவர் சம்சாரம் கரையிலிருந்து, "மாடா இருந்தா நின்னிருக்கும்" என்றார். முள்ளை எடுத்துவிட்டு மறுபடி ஏறினார். மூன்றாம் நாள் சாயங்காலம் தானே ஓட்டிக்கொண்டு பையனைத் திருமங்கலத்துக்குக் கொண்டுவந்து விட்டார். கூடவே ஒரு கோழி, இரண்டு படி நிலக்கடலை. அடுத்த இரண்டு வருடத்தில் அந்த ஒரே ஊரிலிருந்து பதினோரு வண்டி என் கடையில் எடுத்தார்கள். அந்தப் பையன்தான் இன்று டி.கல்லுப்பட்டியில் பட்டறை வைத்திருக்கிறான். நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், எழுந்திருடா தம்பி.

அந்த மூன்று நாளை நான் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. கம்பெனி அனுப்புகிற தணிக்கைப் படிவத்தில் அதற்குக் கட்டமும் கிடையாது. சோபா எத்தனை, ஏ.சி. எத்தனை டன் என்று கேட்கிறார்கள். விற்றவன் வாங்கினவருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தானா என்று யாரும் கேட்டதில்லை. உள்ளூர் மாடு விலை போகாது.

இந்தப் பழமொழி நம் மதுரைக்கே பொருந்தாது என்றும் நான் சொல்வேன். அவனியாபுரத்தில், பாலமேட்டில், அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு என்றால் நாட்டு மாட்டுக்குத்தான் பேர். நன்றாக விளையாடிய மாட்டின் சொந்தக்காரருக்கும் பிடித்த வீரருக்கும் மோட்டார் சைக்கிளும் காரும் பரிசு. வாகனத் தொழிலிலும் அப்படித்தான். திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார் நூறு வருடத்துக்கு முன்பே இந்த மதுரையில் பஸ் விட்டவர். வண்டி விற்பனை, பாகங்கள், பழுது பார்ப்பு என்று இங்கிருந்துதான் கிளை விட்டது. உலகப் போர் நேரத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது கரிப்புகையில் வண்டி ஓடக் கருவி செய்தார்கள். அந்தக் குடும்பம்தான் 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ் 50ஐக் கொண்டுவந்தது. பால் கேனும் கீரைக்கட்டும் ஏற்றிக்கொண்டு நம் சந்தைக்கு வந்த அந்த மொபெட்டின் வேர், வெளியூர் வண்டியை விற்றுப் பழுது பார்த்துக் கொடுத்த உள்ளூர் கடையில்தான் இருக்கிறது. பழுது பார்க்கத் தெரிந்தவனிடமிருந்துதான் ஒருநாள் வண்டி செய்கிறவனும் வருவான்.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். போன ஐப்பசி மழையில் அதே பேரையூர்க்காரரின் பேரன் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. மீட்டரில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் விளக்கு. உள்ளூர் பட்டறையில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்கள், பெட்ரோல் வருகிறதா பார்த்தார்கள், விளக்கு அணையவில்லை. பி.எஸ்-6 வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது நெருப்பு என்று முடிவு செய்வது இ.சி.யூ. என்ற சின்னப் பெட்டி. அதன் பாஷை தெரிய ஸ்கேனர் வேண்டும். பட்டறையில் ஸ்கேனர் இல்லை. குட்டி யானையில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவந்தார்கள், வாடகை ஆயிரத்தைந்நூறு. சர்வீஸ் சென்டரில் வயரைச் சொருகினார்கள், ஐந்தே நிமிஷம். ஒரு சென்சார் கப்ளரில், அதாவது வயர் இணைப்பில், தண்ணீர் இறங்கியிருந்தது. துடைத்து மாட்டியதும் விளக்கு அணைந்தது. அதற்கு இரண்டு நாள் காத்திருந்தார்கள். பெரியவருக்கு இப்போது எண்பதுக்கு மேல். வண்டியோடு என் வீட்டுக்கு வந்தார். "கடையைப் பூட்டிட்டீங்களாமே முதலாளி. இனிமே இதுக்கு நோவு வந்தா எங்க போறது?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

மூடிய டீலர் கடைகளை நாளைக்கே திறக்க முடியாது. ஆனால் மதுரை மாவட்டத்து மெக்கானிக்குகளுக்கு ஒரு பொதுப் பரிசோதனைக் கூடம் வேண்டும். எல்லாக் கம்பெனி வண்டிக்கும் பொருந்துகிற ஸ்கேனர்கள், வயரிங் வரைபடங்கள், இன்ஜெக்டர் சுத்தம் செய்யும் மெஷின், சொல்லிக்கொடுக்க ஆள். கே.புதூரில் தொழிற்பேட்டையும் இருக்கிறது, அரசு ஐ.டி.ஐ.யும் இருக்கிறது. கப்பலூரிலும் தொழிற்பேட்டை உண்டு. சிறு, குறு தொழில் செய்கிறவர்கள் ஒன்றாகச் சேர்ந்தால் பொது வசதி மையம் அமைக்க அரசு மானியத் திட்டம் இருக்கிறது. அது நமக்கு ஏன் கூடாது? அங்கே பழகிய பிள்ளை உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் கையில் ஸ்கேனரோடு திரும்புவான். சப்-டீலர் கடையில் அவனுக்கு ஒரு மூலை கொடுங்கள், கடைக்கு மறுபடி ஆள் வரும். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது, அதில் வாகனத் துறையும் உண்டு. கம்பெனிகள் பழுது பார்க்கும் விவரத்தை வெளியே உள்ள பட்டறைக்கும் தர வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அது வெறும் இணையதளமாக நின்றுவிடாமல் சட்டமாக வர வேண்டும். மின்சார வண்டிகளை டீலரே இல்லாமல் நேராக விற்கிற காலம் வந்துவிட்டது. அந்த வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஊரில் ஒருத்தருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

வங்கி வட்டியைப் பற்றி மேலாளர் அம்மா முன்னால் விரிவாகப் பேச நினைத்திருந்தேன், வாங்குகிறவர் மனசைப் பற்றியும்தான். தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார், சாப்பாடு ஆறுகிறதாம். ஒரே ஒரு வேண்டுகோள் அம்மா, ஸ்கேனர் வாங்கக் கடன் கேட்டு வரும் பையன்களிடம் வீட்டுப் பத்திரம் கேட்காதீர்கள். அவன் கையில் இருக்கும் தொழிலைப் பாருங்கள்.

மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்க மனு எழுதியிருக்கிறோம். பரிசோதனைக் கூடம் என்ற ஒரே கோரிக்கைதான், இரண்டு பக்கம். பந்திக்குப் போகும் வழியில் மேசையில் இருக்கிறது. மெக்கானிக் பிள்ளைகள் கையில் கிரீஸ் என்று தயங்க வேண்டாம், பக்கத்திலேயே துணியும் வைத்திருக்கிறோம். பேரோடு பட்டறை இருக்கும் ஊரையும் எழுதுங்கள். முதல் கையெழுத்தைப் பேரையூர்ப் பெரியவர் நேற்றே போட்டுவிட்டார். வணக்கம்.