கணக்கை மூடுவோம் என்று வங்கி எழுதினால்

நேயர்களுக்கு வணக்கம்.

நீங்கள் செய்யாத ஒரு பரிவர்த்தனைக்காக உங்கள் கணக்கிலிருந்து பணம் பிடித்துவிட்டார்கள். புகார் கொடுக்கிறீர்கள், நாலைந்து முறை நினைவூட்டுகிறீர்கள். கடைசியில் ஒரு கடிதம் வருகிறது: "உங்கள் கணக்கைத் தொடர்வது குறித்து மறுபரிசீலனை செய்ய நேரிடும்." இதைப் படித்தவுடன் பலரும் புகாரைத் திரும்பப் பெற்றுவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

அண்மையில் ஒரு பெண்மணி இத்தகைய கடிதத்தோடு என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். மேல் பாதியில் அவருடைய புகாரைப் பற்றி இரண்டே வரி. கீழ்ப் பாதி முழுக்கக் கணக்கை மூடுவது பற்றி. அதோடு அவர் கைப்பட எழுதிய தாள் ஒன்றும் குத்தப்பட்டிருந்தது. "என் புகாரை வாபஸ் பெறுகிறேன். கணக்கை மூட வேண்டாம்." நல்லவேளை, அது தபாலில் சேரவில்லை. வங்கியின் கடிதத்தை இருவருமாக வரிவரியாகப் படித்தோம். எந்தத் தேதியில் மூடப்போகிறார்கள் என்பது இல்லை. எந்த விதியின்படி என்பதும் இல்லை. முன்னறிவிப்பு என்று சொல்வதற்கு அதில் எதுவுமே இல்லை. பயமுறுத்தல் மட்டும் இருந்தது.

கணக்கை மூட வங்கிக்கு உரிமை கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். உரிமை உண்டு, ஆனால் அதற்கு முறை இருக்கிறது. 1848-ஆம் ஆண்டிலேயே, ஃபோலி எதிர் ஹில் என்ற வழக்கில், அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஒன்றைத் தெளிவாக்கிவிட்டது: வங்கியில் நாம் போட்ட பணத்தைப் பொறுத்தவரை வங்கிதான் கடனாளி, கடன் கொடுத்தவர் நாம். 1921-இல் யோவாகிம்சன் வழக்கில், நியாயமான முன்னறிவிப்பு தராமல் வங்கி உறவை முறித்துக்கொள்ளக் கூடாது என்று நீதிபதி அட்கின் எழுதினார். 1923-இல் வேறொரு வழக்கில், ஒரு நிறுவனத்துக்கு ஒரு மாத அவகாசம் போதாது என்றே தீர்ப்பாயிற்று. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் வங்கிச் சட்டத்துக்கு வேர் இந்த மரபில்தான் இருக்கிறது. எத்தனை நாள் அவகாசம் என்பது நாட்டுக்கு நாடு, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். கணக்குத் தொடங்கியபோது படிக்காமல் கையெழுத்திட்ட நிபந்தனைகளை இப்போதாவது எடுத்துப் படியுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மோசடி அல்லது குற்றத்தில் வந்த பணத்தை வெள்ளையாக்குதல் என்ற சந்தேகம் எழுந்தால் கணக்கை உடனடியாக முடக்குவார்கள். அப்போது காரணத்தை வாடிக்கையாளரிடம் சொல்லவே கூடாது என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. கவுண்டரில் இருப்பவர் வாய் திறக்காததற்கு அது காரணமாக இருக்கலாம். அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. கேட்க வேண்டியதை எழுத்தில் கேளுங்கள்.

எழுத்தில் என்றேன். அந்தப் பெண்மணி கடைசியில் அனுப்பிய பதில் இவ்வளவுதான்: "என் புகார் நிலுவையில் உள்ளது. கணக்கை மூடுவது பற்றிய உங்கள் கடிதம் அதற்குப் பதிலாகாது. மூட முடிவெடுத்திருந்தால் எந்த நிபந்தனையின்படி, எந்தத் தேதியில் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். புகாருக்கான இறுதிப் பதிலைத் தனியாக அனுப்புங்கள்." அழுகையும் இல்லை, வசையும் இல்லை. புகார் எண்ணை மேலே எழுதி, நகல் வைத்துக்கொண்டு, ஒப்புகையோடு அனுப்பினார். தகராறு வேறு, கணக்கின் ஆயுள் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதுதான் வங்கிக்கு வசதி. பிரித்து வைப்பது நமக்குப் பாதுகாப்பு.

அதே வேளையில், மூடிவிடுவார்கள் என்றே எண்ணி ஆயத்தமாகுங்கள். முதல் வேலை, கணக்கு அறிக்கைகளைத் தரவிறக்குவது. இணைய வசதியை நிறுத்திவிட்டால் உங்கள் சான்றுகளை நீங்களே மனுப்போட்டு வாங்க வேண்டியிருக்கும். பிறகு வேறொரு வங்கியில் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிப்பவர்களுக்கு அடிப்படைக் கணக்கு பெறும் உரிமையை 2014-ஆம் ஆண்டின் வழிகாட்டு ஆணை தருகிறது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை, ஆகவே பழைய கணக்கு உயிரோடு இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். சம்பளம், ஓய்வூதியம், காப்பீட்டுத் தவணை, வீட்டுக் கடன் தவணை ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அதே வங்கியில் கடன் பாக்கி இருந்தால் சேமிப்பிலிருந்து அதை ஈடுகட்டிக்கொள்ள வங்கிக்குப் பெரும்பாலும் வழி இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பயத்தில் மொத்தத்தையும் ரொக்கமாக எடுப்பதும், உறவினர் கணக்கில் போட்டு வைப்பதும் வேண்டாம். இல்லாத சந்தேகத்தை அவை கிளப்பிவிடும்.

கணக்கு மூடப்பட்டாலும் மிச்சப் பணம் உங்களுடையதே, புகாரும் உயிரோடுதான் இருக்கிறது. இந்தியாவில் வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பிரிட்டனில் நிதிக் குறைதீர்ப்பாளரை அணுக, பொதுவாக 8 வாரம் காத்திருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் கட்டணம் இல்லை. அங்கே போகும்போது புகாரின் நகலோடு, கணக்கை மூடுவோம் என்று வந்த கடிதத்தின் நகலையும் கட்டாயம் இணையுங்கள். உங்கள் புகார் போய் எத்தனை நாளில் அது வந்தது என்பதை இரண்டு தேதிகளையும் பார்த்தே அவர்கள் கணக்கிட்டுக்கொள்வார்கள்.